காதுக்குள் ஒரு சொட்டு

மத்தியச் சிறை, சேலம்
5.9.2024

அன்புள்ள தமிழினிக்கு,

அண்ணன் வளவன் எழுதுவது. நான் நலம். நீ, மாப்பிள்ளை, நிலாக்குட்டி மூவரும் நலமா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கத் தையல் மிஷினிலேயே குனிந்து கிடக்காதே, நடுவில் எழுந்து நட.

இன்றோடு இருபத்தைந்து நாள். உன் வீட்டிலிருந்து இங்கே பஸ்ஸில் கால் மணி நேரம்தான். பழனியம்மாள் அத்தை நாமகிரிப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி, வாராவாரம் காளியண்ணன் மாமாவைப் பார்க்க வருகிறார். கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருப்பவள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. கோபமா?

இங்கே தபாலைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதனால் உடம்பு, வீடு, மழை இதைப் பற்றி மட்டும் எழுது. மற்றதை வக்கீல் மதியழகன் உன் வீட்டுக்கு வந்து சொல்வார். சொல்கிறபடி கேள்.

சாப்பாடு பரவாயில்லை. உன் கை ரசத்துக்கு நாக்கு ஏங்குகிறது என்று எழுதினால் உனக்குக் கர்வம் வந்துவிடும், அதனால் எழுதவில்லை.

தோழமையுடன்,
வளவன்


கொண்டப்பநாயக்கன்பட்டி
13.9.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தமிழினி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நிலாவுக்கு மட்டும் சளி. முதுகுவலி இருக்கிறபடி இருக்கிறது. உன் வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை கொடுக்கிறார்களா? இதை வக்கீல் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஆகவே மழையைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

கோபம் இல்லை அண்ணா, பயம். அப்பா கருப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சாமி இல்லை என்று பேசப் போன நாட்களில் எனக்குத் தலை பின்னி, சோறு பிசைந்து ஊட்டி வளர்த்தவன் நீ. வலைக்கு அந்தப் பக்கம் உன் முகத்தைப் பார்த்தால் நீ கேட்பதற்கெல்லாம் தலையை ஆட்டிவிடுவேன். அதனால் வர மாட்டேன். நீ எழுது, நானும் எழுதுகிறேன்.

வக்கீல் வந்தார். கோர்ட்டில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தார். ஆடி கடைசி ஞாயிறு நம் ஊர்க் கரட்டு முனியப்பனுக்குக் கிடாய் வெட்டினார்கள். பூசை முடிந்ததும் நீயும் நானும் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்தக் கரட்டு மலையை உடைக்கிற கல்குவாரியில் பொக்லைன் வண்டி எரிந்தது மறுநாள்தான் நமக்குத் தெரியும். அன்று நான் உனக்கு ஈரல் குழம்பு வைத்ததையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறார். அப்போதுதான் நம்புவார்களாம். காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடந்தது என்ன என்று நம் இருவருக்கும் தெரியும். கிடாய் தலையைச் சிலுப்பியதும், சாமி உத்தரவு என்று ஊரே திரண்டு குவாரிக்குப் போனது. டீசலில் நனைத்த துணியைக் கொளுத்தி வண்டி மேல் எறிந்தது நீ. வண்டிக்குள்ளே ஆபரேட்டர் வீரன் மத்தியானச் சோறு தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை வெளியே இழுப்பதற்குள் இரண்டு கையும் வெந்துவிட்டது. போலீஸ் சந்தேகத்தில் உன்னையும் இன்னும் சிலரையும் பிடித்துப்போனது. வைத்தது யார் என்று ஊர் வாயைக் கட்டிக்கொண்டது. பூசாரி காளியண்ணன் மாமா மட்டும் போலீசில் போய், நான்தான் வைத்தேன் என்று சொல்லிவிட்டார். சாமி உத்தரவு கொடுத்த காரியம், பூசாரிதான் ஏற்க வேண்டும் என்று அவருக்கு எண்ணம். நீ அதை மறுக்கவில்லை.

இதற்கு நடுவில் நான் எங்கே அண்ணா ஈரல் குழம்பு வைப்பது?

மாத்திரையை மறக்காதே.

உன் தங்கை,
தமிழினி


சேலம்
28.9.2024

அன்புள்ள தமிழு,

நான் நலம். இதை நானும் வக்கீல் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். மாத்திரை கொடுக்கிறார்கள். நிலாவுக்குத் துளசியும் மிளகும் தட்டிக் கொடு.

உண்மை பேசு என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். மறக்கவில்லை. ஆனால் நாலு வருடம், திங்கட்கிழமை தவறாமல், கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்ததும் உண்மைதான். ரசீதே ஒரு பை நிறைய இருக்கிறது. கரட்டில் பாதி போய்விட்டது. ஒவ்வொரு வெடிக்கும் நம் வீட்டுச் சுவரில் ஒரு விரிசல். வண்டி எரிந்த அன்றிலிருந்து குவாரி மூடிக் கிடக்கிறது, தெரியுமா? அத்தனை மனுவும் செய்யாததை ஒரு கந்தல் துணி செய்தது. நான் வெட்கப்படவில்லை. யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.

வீரனுக்கு நேர்ந்தது எனக்கும் வருத்தம்தான். உள்ளே ஆள் இருப்பது எனக்குத் தெரியாது.

மாமாவைப் பற்றிக் கவலைப்படாதே. இங்கே எங்கள் எல்லோரையும்விட நிம்மதியாகத் தூங்குகிறவர் அவர்தான். சாமி சொன்னதைச் செய்தோம் என்ற தெம்பு. எனக்கு அந்த வசதி இல்லை. ஐகோர்ட்டில் கரட்டு வழக்கு நிற்கிறது. நான் வெளியே வராவிட்டால் அதை நடத்த ஆளில்லை, ஆறே மாதத்தில் குவாரியைத் திறந்துவிடுவார்கள். ஒரு மலை ஒரு பக்கம். அறுபத்திரண்டு வயது மனிதர் தானாக முன்வந்து கொடுக்கிற இரண்டு மூன்று வருடம் இன்னொரு பக்கம். நீயே யோசித்துப் பார்.

தோழமையுடன்,
வளவன்


கொண்டப்பநாயக்கன்பட்டி
14.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம், நிலாவுக்குச் சளி விட்டது. ஆயுத பூசைக்கு மிஷினுக்குப் பொட்டு வைத்தேன். நீ இருந்திருந்தால், கருப்புச் சட்டைக்காரர் மகள் இரும்புக்குக் குங்குமம் வைக்கிறாள் என்று ஒரு வாரம் சிரித்திருப்பாய். கேலி செய்ய ஆள் இல்லாமல் பூசை சப்பென்று போனது.

ஆஸ்பத்திரிக்குப் போய் வீரனைப் பார்த்தேன். ஆத்தூர்ப் பக்கத்து ஆள், இருபத்தெட்டு வயது, ஒரு பெண்குழந்தை. தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்திருக்கிறார்கள். சம்சாரம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். "யாராவது ஒரு கொரல் குடுத்திருந்தா எறங்கி ஓடியிருப்பேன்க்கா. அந்த மலைய ஒடைக்கணும்னு எனக்கு என்ன வேண்டுதலா?" என்றான். அவ்வளவுதான்.

அவனுடைய செருப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. அன்று வண்டியின் ஏறுபடிக்குக் கீழே ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. தீ அதன் மேல் படவே இல்லை. கூட்டம் கலைந்தபோது எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், ஏன் என்று எனக்கே தெரியாது. நீ நின்ற இடத்துக்கும் அதற்கும் நாலடி இருக்கும். அண்ணா, நீ செருப்பைப் பார்த்தாயா?

இன்னொன்று. இத்தனை நாளாக நெஞ்சுக்குள் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். அன்று மாமா மாலை போட்டு, தீர்த்தம் தெளித்து, கிடாய் சிலுப்பட்டும் என்று காத்திருந்தார். அது தானாக உடம்பை உதறித் தலையைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு. சிலுப்பாவிட்டால் கிடாயும் இல்லை, குவாரிக்குப் போவதும் இல்லை என்று ஊர் பேசி வைத்திருந்தது. அரை மணி நேரம் அது கல்லாக நின்றது. நாலைந்து பேர் வீட்டுக்குத் திரும்பவே கிளம்பிவிட்டார்கள். அப்போது கயிற்றைப் பிடித்திருந்த நீ, வெயில் தாங்காது பாவம் என்று சொல்லிச் சொம்பை வாங்கினாய். முதுகில் ஊற்றினாய். கையில் தேங்கிய தண்ணீரை அதன் இடது காதுக்குள் விட்டாய். நான் அந்தப் பக்கம்தான் நின்றேன். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடும் தலையைச் சிலுப்பும்.

நான் கண்ணால் பார்த்தேன்.

தமிழினி


சேலம்
30.10.2024

அன்புள்ள தமிழு,

நலம். நாளை தீபாவளி. நிலாவைக் கையை நீட்டிப் பட்டாசு கொளுத்தச் சொல், முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம்.

ஆமாம், விட்டேன். நூறு கூட்டம் போட்டுப் பேசினேன். வரைபடம் விரித்துக் காட்டினேன். தண்ணீர் போகிறது, மண் போகிறது என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு கால் எழவில்லை. ஒரு கிடாய் தலையை ஆட்டியதும் முந்நூறு கால் எழுந்தது. அப்படிப்பட்ட ஊரில் நான் வேறென்ன செய்ய? யாருடைய மலையைக் காப்பாற்ற விட்டேன்? அந்த முனியப்பன் உட்கார்ந்திருக்கிற மலையைத்தானே? அப்பா இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

மாமாவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே. அவருக்கு இங்கே பிடித்துக்கொள்ள இருப்பது அந்த ஒன்றுதான். நீ சாமி கும்பிடுகிறவள். அடுத்தவர் நம்பிக்கையைப் பிடுங்க உனக்கு மனம் வருமா?

தோழமையுடன்,
வளவன்


கொண்டப்பநாயக்கன்பட்டி
8.11.2024

அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். கடிதம் கிடைத்தது. செருப்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

அப்பா கைதட்டியிருக்க மாட்டார். அப்பா மேடை போட்டுச் சாமியைத் திட்டினார், சாமி பேரைச் சொல்லி ஒருவரையும் ஏமாற்றியதில்லை. நீ சாமி இல்லை என்று சொல்லிக்கொண்டே சாமியின் கையெழுத்தைப் போட்டிருக்கிறாய். இப்போது அந்தக் கையெழுத்து அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலையை எனக்குக் கொடுக்கிறாய். எந்தக் கருப்புச் சட்டைக்காரனும் எந்தப் பூசாரியும் கேட்காததை நீ கேட்கிறாய்.

வக்கீல் நேற்றும் வந்தார். ஊரிலிருந்தும் நாலு பேர் வந்தார்கள். எல்லோரும் என் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பார்க்கிறீர்கள். நான் சிலுப்ப மாட்டேன்.

செருப்பைப் பார்த்தாயா, இல்லையா?

தமிழினி


சேலம்
6.1.2025

அன்புள்ள தமிழு,

நலம். இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், கிழித்துப் போட்டேன்.

ஜாமீன் மறுபடியும் தள்ளுபடி. அடுத்த மாதம் விசாரணை தொடங்குகிறது. நீ சொல்லப் போகிற நாலு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

குளிர் அதிகம். மாமா தன் போர்வையை எனக்குக் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று தள்ளினேன். "நீ வெளிய போயி ஊரப் பாக்கோணும், உன்ர ஒடம்பு முக்கியம் சாமி" என்று சொல்லிவிட்டு வெறுந்தரையில் சுருண்டு படுத்துக்கொள்கிறார். இருமுகிறார். அந்தப் போர்வையில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஏதோ ஒரு பூச்சி கடிக்கிறது என்று நினைக்கிறேன்.

பொங்கலுக்கு நிலாவுக்கு என் பெயரில் ஒரு பாவாடை தைத்துக் கொடு.

வளவன்


கொண்டப்பநாயக்கன்பட்டி
19.1.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். பாவாடை தைத்துவிட்டேன், பச்சை. மாமன் கொடுத்தது என்று தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

பொங்கலுக்கு மறுநாள் பழனியம்மாள் அத்தை வந்தார். மாமாவைப் பார்த்துவிட்டு வருகிற வழி. கரும்பும் ஒரு தூக்குப் பொங்கலும் கொண்டுவந்திருந்தார். இளைத்துவிட்டார். ஆட்டையெல்லாம் விற்றாயிற்றாம், மேய்க்க ஆளில்லை. ஆனால் முகத்தில் ஒரு பெருமை. "ஊட்டுல ஒத்தையாத்தான் கெடக்கறேன் கண்ணு. இருந்தாலும் என்ன, சாமி சொல்லி எம்பட ஊட்டுக்காரர் செஞ்ச காரியம். முனியப்பன் பாத்துக்காதுங்களா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஆமாங்க அத்தை என்றேன். அந்தப் பொங்கலை நான் தொடாமல் நிலாவுக்கு எடுத்து வைத்தேன்.

நம்பிக்கையைப் பிடுங்குவாயா என்று கேட்டாயே. அது அவர் நம்பிக்கை இல்லை அண்ணா, உன் உள்ளங்கைத் தண்ணீர். அதை நம்பித்தான் ஒரு மனிதர் வெறுந்தரையில் இருமிக்கொண்டு கிடக்கிறார்.

நாளை மாமாவுக்குக் கடிதம் எழுதப் போகிறேன், தபாலில். வார்டன் படிக்கட்டும், ஜெயிலரும் படிக்கட்டும். கோர்ட்டிலும் நான் பார்த்ததைத்தான் சொல்வேன். உனக்கு ஏழு வருடமாவது ஆகும் என்று வக்கீல் பயமுறுத்துகிறார். இதை எழுதும்போது அழுதுகொண்டுதான் இருக்கிறேன். உன்னைவிட எனக்கு வேறு யாரும் பெரிதில்லை. இருந்தாலும் எழுதுவேன்.

உன் தங்கை,
தமிழினி


கொண்டப்பநாயக்கன்பட்டி
20.1.2025

மதிப்புக்குரிய காளியண்ணன் மாமாவுக்கு,

தமிழினி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? தயவுசெய்து போர்வையைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமா, அன்று கிடாய் தானாகச் சிலுப்பவில்லை. அதன் இடது காதுக்குள் தண்ணீர் விடப்பட்டது. நீங்கள் சாமி பக்கம் திரும்பித் திருநீறு எடுத்துக்கொண்டிருந்தீர்கள், பார்த்திருக்க முடியாது. நான் பார்த்தேன். விட்ட கை எங்கள் வீட்டுக் கை. பார்த்தும் ஐந்து மாதம் வாய் திறக்காமல் இருந்தது என் குற்றம். அதற்கு நீங்கள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன்.

சாமி உங்களிடம் எதுவும் சொல்லவில்லை. இனி என்ன செய்வதென்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தமிழினி


செயில், சேலம்
3.2.2025

தமிழினிக் கண்ணுக்கு,

காளியண்ணன் எழுதிக்கிட்டது. நாஞ் சௌரியம். நீயும் மாப்பிள்ளையும் கொழந்தையும் சௌரியமா இருக்கோணும். அஞ்சாப்புப் படிப்பு, தப்பிருந்தா பொறுத்துக்க.

உன்ர காயிதம் வந்துச்சு. வார்டன் படிச்சுப்போட்டுத்தான் குடுத்தாரு. ஏனுங்க பூசாரி, ஆட்டுக் காதுல தண்ணி போச்சுன்னா ஊரையே கொளுத்துவீங்களான்னு கேட்டுச் சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வல்ல.

மூணு நாளு சோறு எறங்குல. உம் மேல கோவம், உங்கண்ணம் மேல கோவம், அப்பறம் முனியப்பம் மேலயே கோவம். இத்தன வருசம் உனக்குப் பூசை பண்ணுனனே, கனவுலயாச்சும் வந்து சொல்லியிருக்கப்படாதான்னு பேசுனேன். நாலாம் நாளுதான் ரோசன வந்துச்சு. கெடாய் அர மணி நேரம் நின்னுச்சே, சும்மாவா நின்னுச்சு? வேண்டாம் வேண்டாம்னு சாமி அர மணி நேரம் சொல்லியிருக்குது. காதிருந்தும் கேக்காதது நாங்கதான்.

நாந் தீ வெக்குல. சாமி சொல்லுச்சுன்னு வந்து உக்காந்திருக்கறேன். சாமி சொல்லுலீன்னா எனக்கு இங்க என்ன சோலி? வாய்தாவுல ஜட்ஜய்யாகிட்ட அதயே சொல்லப் போறேன். வெச்சது ஆருன்னு எவங் கேட்டாலுஞ் சொல்ல மாட்டேன். அத வெச்சவந்தாஞ் சொல்லோணும்.

கரட்டயும் உடறதா இல்ல. வெளிய வந்து மறுக்கா திங்கக்கெழம மனுக் குடுப்பேன். கெடாய் வேண்டாம், வெறுங்கையோட போறேன். போர்வைய வாங்கிட்டேன்.

பழனியம்மாளுக்கு நீயே பதனமாச் சொல்லிப்போடு.

காளியண்ணன்


சேலம்
9.2.2025

தமிழு,

நான் நலம். உன் முதுகு எப்படி இருக்கிறது?

இதை வக்கீல் கையில் கொடுக்கவில்லை. தபாலில் போடுகிறேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

செருப்பைப் பார்த்தேன். நீல வார். ஜோடியாக, ஒரு வீட்டு வாசலில் விட்டதுபோல இருந்தது. உள்ளே ஆள் இருக்கிறான் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. தெரிந்ததை அடுத்த நொடியில் தெரியாததாக ஆக்கிக்கொண்டேன். வெறுங்காலோடு எங்காவது போயிருப்பான் என்று சொல்லிக்கொண்டேன். பின்னால் ஊர் நிற்கிறது, நாலு வருட மனு நிற்கிறது, மலை நிற்கிறது, இதற்கு மேல் யாரைக் கேட்க வேண்டும் என்று எனக்கு நானே உத்தரவு கொடுத்துக்கொண்டேன். கிடாய்க்கு விட்ட தண்ணீரைத்தான் எனக்கும் விட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு குரல் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கரடு விஷயத்தில் நான் மாறவில்லை. அந்த மலையை உடைப்பது திருட்டு என்று ஜட்ஜ் முன்னால் நின்று சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் வீரனின் கைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார்.

உன் கடிதம் வந்ததிலிருந்து மாமா என்னோடு பேசவில்லை. நேற்றுக் காலை குளிக்கிற தொட்டியருகே உட்கார்ந்திருந்தேன். மாமா வந்தார். குவளையில் தண்ணீர் மோந்து என் தலையில் ஊற்றினார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஊற்றிவிட்டு இரண்டடி பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். மறுபடி ஒரு குவளை, மறுபடி அதே பார்வை. "பெருசுக்கு என்னாச்சு?" என்று சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் புரிந்தது. நெற்றியில் ஊற்றினார், பிடரியில் ஊற்றினார், முதுகில் ஊற்றினார். ஊற்றும்போதெல்லாம் மறு கையால் என் காதைப் பொத்திக்கொண்டார், இடது பக்கம் ஊற்றும்போது இடது காது, வலது பக்கம் ஊற்றும்போது வலது காது. அவசரமே இல்லை அவருக்கு. அரை மணி நேரம் ஆனாலும் நின்றிருப்பார்.

ஐந்தாவது குவளையில் நான் தலையைச் சிலுப்பினேன். ஒரு சொட்டுகூடக் காதுக்குள் போகவில்லை.

திங்கட்கிழமை வாய்தா. நான்தான் என்று சொல்லிவிடுவேன். நீ குழம்பும் வைக்க வேண்டாம், கூண்டிலும் ஏற வேண்டாம். இனிமேல் என் முகத்தைப் பார்க்க நீ தைரியமாக வரலாம். உன்னிடம் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை.

உன் அண்ணன்,
வளவன்